வளரறியில் 35, பின்னத்தில் சறுக்கல்: சரிசெய்த விதம்

ஏழாம் வகுப்பில் வளரறி மதிப்பீட்டின் (பாடம் நடக்கும்போதே செயல்பாடுகளை வைத்துப் போடுவது) 40 மதிப்பெண்ணில் பலருக்கு 35க்கு மேல். அதே பிள்ளைகள் பருவ இறுதியில் எழுதும் 60 மதிப்பெண் தொகுத்தறித் தாளில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதினார்கள். சார்ட், ஆல்பம் என்று செயல்பாட்டின் அழகுக்கே மதிப்பெண் போயிருந்தது.

மாற்றியது இதுதான்: பாடவேளையின் கடைசி 5 நிமிடத்தில், கால் தாள் துண்டில் ஒரே ஒரு கணக்கு. முதலில் மூன்று வைத்தேன், திருத்தி முடியவில்லை. எந்தக் கணக்கு என்பதில்தான் சூட்சுமம். 1/5 + 2/5 கேட்டால் எல்லாருக்கும் சரியாக வரும், நமக்கு ஒன்றும் தெரியவராது. 1/2 + 1/3 கேட்டால் தவறே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். 2/5 என்றால் பகுதியையும் சேர்த்துக் கூட்டியிருக்கிறார்கள். 2/6 என்றால் பகுதியை 6 ஆக்கிவிட்டு, தொகுதியை மாற்ற மறந்திருக்கிறார்கள்.

துண்டுக்கு மதிப்பெண் கிடையாது. போட்டால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுவார்கள், தவறு மறைந்துவிடும்.

துண்டுகளைத் தவறு வாரியாகக் குவியல்களாகப் பிரித்துவிடுவேன். மறுநாள் முதல் 10 நிமிடம் 2/5 குவியலுக்கு. "2/5 அரையைவிடச் சின்னது. அரையோடு கூட்டிய பிறகு எப்படிக் குறையும்?" என்ற கேள்வி போதும். 2/6 குவியலுக்கு, தாளை 6 சமபாகமாக மடித்து 3 பாகமும் 2 பாகமும் வண்ணமிடச் சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியர் வகுப்பைப் பார்வையிட வரும்போது பாடக்குறிப்பேட்டோடு இந்தக் குவியல்களையும் மேசையில் வைத்துவிடுகிறேன். குறிப்பேட்டில் கையெழுத்து வாங்குவது சுலபம். துண்டுகளை வைத்தால் பேச்சு 2/5 பக்கம் வந்துவிடுகிறது.