மந்திரத்திடமும் கணக்கு கேளுங்கள்: சோழர் கால மிகுபுனைவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஆறு மாதத்தில் ஐந்து கைப்பிரதிகளைப் படித்தேன். எல்லாமே புதிதாக எழுத வந்தவர்களுடையவை. எல்லாமே சோழர் காலத்தில் நடக்கும் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்கள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து வருடத்துக்கு முன் நான் சறுக்கிய அதே இடங்களில் அவர்களும் சறுக்குவதைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை.

சோழர் சமையலறையில் மிளகாய் கிடையாது என்பதெல்லாம் இப்போது எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறேன்.

மந்திரத்தை மட்டும் கணக்கில்லாமல் விடுவது

எனக்கு அதிகம் செலவு வைத்த தவறு இதுதான். இன்றைக்கும் பிறர் எழுத்தில் கண்டால் எரிச்சல் வருகிறது.

என் முதல் நாவலில் மழையை வரவழைக்கும் ஒரு பெண் இருந்தாள். கதை நடப்பது தொண்டைநாட்டில் ஒரு பிரம்மதேய ஊரில், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரில். அதற்காக உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை வரி வரியாகப் படித்திருந்தேன். முதலாம் பராந்தகன் காலத்தில் 919-லும் 921-லும் வெட்டியவை அவை. ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு, அதாவது குழுக்களுக்கு, ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள் அவற்றில் இருக்கின்றன. முப்பது குடும்பு (ஊரின் பிரிவு), 35 முதல் 70 வரை வயது, கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, குடத்திலிருந்து பெயர் எழுதிய ஓலையை எடுக்க ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி வர முடியாது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர் என்பது வரை எல்லாவற்றையும் சரியாக வைத்திருந்தேன்.

கல்வெட்டு படிப்பதிலேயே ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துப் பிழை, காலப் பிழை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "தம்பி, இந்தப் பொண்ணு கூப்பிட்டா மழை வருதுன்னா, அந்த ஊருக்கு ஏரி எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. மழை நம்ப முடியாதது, அதனால் ஏரி. ஏரி இருந்தால் கரை கட்ட வேண்டும், மதகு பார்க்க வேண்டும், தூர் எடுக்கக் கூலி கொடுக்க வேண்டும். அதற்குத்தான் அந்த ஆறு பேர், அவர்களைத் தேர்ந்தெடுக்கத்தான் குடவோலை என்ற அந்தக் குடமும் ஓலையும். மழை கூப்பிட்டதும் வந்து நிற்கும் என்றால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துவிடும். நான் அவ்வளவு படித்துக் கட்டிய ஊரை என் மந்திரமே கலைத்துவிட்டது. நானூறு பக்கத்தில் முந்நூறைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இரண்டு வருட வேலை.

இப்போது வந்த ஒரு பிரதியில் இராசேந்திரனின் படை 1025-இல் மலாய் தீபகற்பத்தில் இருந்த கடாரத்துக்குக் கிளம்புகிறது. கப்பலில் காற்றைக் கட்டி ஆளும் சித்தர் ஒருவர் இருக்கிறார். அழகான கற்பனை. ஆனால் அவர் இருக்கும்போதே கப்பல்கள் பருவக்காற்றுக்காகத் துறையில் காத்துக் கிடக்கின்றன! காற்றைக் கட்டத் தெரிந்த ஒருவரை ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழு சும்மா விட்டிருக்குமா? எவ்வளவு பொன் கொடுத்திருப்பார்கள்? அரசன் அவருக்கு எந்த ஊரை இறையிலியாக (வரி இல்லாத நிலமாக) கொடுத்திருப்பான்? அவர் செத்தால் அந்த வித்தை யாருக்குப் போகும்? எழுதியவர் இதில் ஒன்றையும் கேட்டுக்கொள்ளவில்லை. நாவல் இருப்பதே அந்தக் கேள்விகளில்தான்.

சரி, என்னதான் செய்வது? மந்திரத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டாதீர்கள். அது கல்வெட்டுக்குள்ளேயே கிடக்கிறது. கோயிலில் நந்தா விளக்கு (அணையாத விளக்கு) எரிய 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாதவை, மூப்படையாதவை. செத்ததற்குப் பதில் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது என்பதுதான் உண்மைப் பொருள். ஆனால் ஒரு மந்தையில் ஓர் ஆடு நிஜமாகவே சாகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையனுக்கு அது எந்த வருடம் உறைக்கும்? கோயில் கணக்கனிடம் சொல்வானா, மறைப்பானா? தானத்தை அழிப்பவன் 'கங்கையிடைக் குமரியிடைச் செய்தார் செய்த பாவம் கொள்வான்' என்று முடிகிற சாபமும் அப்படித்தான். அது பலிக்கிற ஓர் உலகத்தில், நிலத்தை அபகரிக்க நினைப்பவன் முதலில் தேடிப் போவது கல்தச்சனை. அந்த ஒரு வரியை வெட்டாமல் விட என்ன கேட்பாய் என்று பேரம் பேச.

என் மழைப் பெண்ணைக் கடைசியில் இப்படி மாற்றினேன்: அவள் அழைத்தால் மழை வரும், அதே அளவு தண்ணீர் பக்கத்து ஊர் ஏரியில் இறங்கிவிடும். அப்புறம் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் முழுக் கதையும் ஆனது.

ஒரே ஒரு கோப்பரகேசரியை நம்பிக் கதை கட்டுவது

சோழ அரசர்கள் பரகேசரி, இராசகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். விசயாலயன் பரகேசரி, முதலாம் ஆதித்தன் இராசகேசரி, முதலாம் பராந்தகன் மறுபடி பரகேசரி. உத்தம சோழனும் பரகேசரிதான். கல்வெட்டில் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' (மதுரையை வென்ற பரகேசரி அரசன்) என்று இருந்தால் பராந்தகன் என்று சொல்லிவிடலாம். வெறும் 'கோப்பரகேசரிக்கு யாண்டு' என்று ஆட்சியாண்டு மட்டும் இருந்தால்? எழுத்தின் வடிவத்தையும் அதில் வரும் ஆட்களையும் பார்த்து அறிஞர்கள் ஊகிக்கிறார்கள். ஊகம் மாறக்கூடியது. முதலாம் இராசராசன் காலத்தில் 'திருமகள் போல' என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி (அரசன் புகழைச் சொல்லும் கல்வெட்டு முன்னுரை) வந்த பிறகுதான் இந்தச் சிக்கல் குறைகிறது. அதற்கு முந்தைய காலத்தை எழுதுகிறவர்கள், கொலையாளி யார் என்பதை இப்படி ஓர் ஒற்றைக் கல்வெட்டில் தொங்கவிட வேண்டாம்.

கோபுரம்

திருவரங்கத்தின் 236 அடி இராசகோபுரம் 1987-இல்தான் முடிந்தது. உங்கள் வீரன் அதைத் தொலைவிலிருந்து பார்த்து வணங்க முடியாது.

குதிரை

கடல் கடந்து வந்த விலையுயர்ந்த சரக்கு. ஊர்க்காவலனுக்கெல்லாம் ஒன்று கொடுக்காதீர்கள்.

வசனம்

'யாம்', 'நும்' போடுவதால் பழமை வராது.

பேயைப் பார்த்துத் திகைக்கும் நாயகன்

மூன்று பிரதிகளில் நாயகன் முதலில் "பேயாவது பிசாசாவது" என்று சிரிக்கிறான். பிறகு பேயைப் பார்த்து உறைந்து நிற்கிறான். அது நம் காலத்துச் சிரிப்பு, நம் காலத்துத் திகைப்பு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை எடுத்துப் பாருங்கள். பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்துக்கு வந்து யானைக் கொம்பால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கை வழித்து, குளித்துவிட்டுத்தான் கூழ் சமைக்க உட்காருகின்றன. அவ்வளவு வீட்டுப் பழக்கத்தோடு பேயை எண்ணிப் பார்த்த மக்கள் அவர்கள். அப்படிப்பட்ட ஊரில் பேய் வந்தால் "இது நிஜமா?" என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். இது யாருடைய பேய், எத்தனை நாளாகப் பட்டினி, எவ்வளவு கேட்கும் என்றுதான் கேட்பார்கள்.