ஸ்டியரிங் கைவிட்டுப் போனாலும் லாரியில் மிஞ்சும் வேலைகள்

நீங்கள் லாரி ஓட்டுபவர் என்றால், முதலில் ஒரு வாரத்துக்குக் கணக்கு எழுதிப் பாருங்கள்: நெடுஞ்சாலையில் ஓட்டியது எத்தனை மணி, ஊருக்குள் எத்தனை, சரக்கு கட்டியதும் டிரெய்லர் மாட்டியதும் எத்தனை, காத்துக் கிடந்தது எத்தனை. தானியங்கி லாரி முதலில் பறிப்பது நெடுஞ்சாலை மணிகளைத்தான். 2025இல் அமெரிக்காவின் டல்லாஸ்–ஹூஸ்டன் தடத்தில் ஆளில்லா லாரிகள் யார்டுக்கும் யார்டுக்கும் (லாரிகள் நின்று சரக்கு மாற்றும் வளாகம்) இடையே ஓடத் தொடங்கியதும் அப்படித்தான். (சில வாரங்களிலேயே, லாரி தயாரித்த நிறுவனம் கேட்டதால், ஒருவரை மறுபடி இருக்கையில் உட்காரவைத்தார்கள், ஓட்ட அல்ல, பார்க்க.) உங்கள் கணக்கில் பாதிக்கு மேல் நெடுஞ்சாலை என்றால், யார்டு வேலையை இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

அதில் முக்கியம் சரக்குக் கட்டு. ஐரோப்பிய விதிப்படி கட்டு, முன்பக்கம் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்க வேண்டும். அதாவது 10 டன் சரக்கு பிரேக் அடித்தால் 8 டன் விசையோடு முன்னால் தள்ளும். சரக்கின் மேலே போட்டுக் கட்டும் பெல்ட் செங்குத்தாக இறங்கினால் அதன் இழுவை முழுதும் சரக்கை அழுத்தும். தரைக்கு 30 டிகிரியில் படுத்துக் கிடந்தால் பாதிதான். தாழ்வான சரக்கு நழுவுவது இதனால்தான். அதற்கு பெல்ட் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். ஓட ஆரம்பித்ததும் சரக்கு அமர்ந்து பெல்ட் தளரும். டிரைவர் இருந்தால் இறங்கி ராட்செட்டை (பெல்ட்டை இறுக்கும் கைப்பிடி) இறுக்குவார். ஆளில்லா லாரியில் யார் இறங்குவது? யார்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டி, இரண்டு முறை பிரேக் போட்டு, மறுபடி இறுக்கிய பிறகே வெளியே விடுங்கள்.

டிரெய்லர் மாட்டும்போது அது உயரமாக நின்றால் கிங்பின் (டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்), லாரியின் இணைப்புத் தகட்டில் உள்ள கொக்கிக்கு மேலேயே உட்கார்ந்துவிடும். மாட்டியது போலவே தெரியும். டிரெய்லர் பிரேக்கைப் போட்டு மெதுவாக முன்னால் இழுத்துப் பார்ப்பது மட்டும் போதாது, அதிலும் சில சமயம் தப்பிவிடும். டார்ச்சோடு கீழே குனிந்து, தகட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி இல்லை, கொக்கி பின்னைச் சுற்றி மூடியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பிறகுதான் டிரெய்லரைத் தாங்கி நிற்கும் கால்களை முழுக்கத் தூக்க வேண்டும்.

சாலையைப் பார்க்கும் சென்சார்களில் தூசியை வறண்ட துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். பம்பரையோ முன்கண்ணாடியையோ கழற்றி மாட்டினால் சென்சார்களை மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரி விலகல், 100 மீட்டர் தூரத்தில் 1.75 மீட்டர் பிழை. கிட்டத்தட்ட அரை லேன்.

சோதனைத் தாளில் கையெழுத்துப் போடுவது நீங்கள் என்றால், வண்டியை நிறுத்திவைக்கும் அதிகாரமும் உங்களுக்கே என்று நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.