வாட் எண்ணைப் பார்த்து ஹோம் தியேட்டர் வாங்காதீர்கள்

ஈரோட்டிலோ திருப்பூரிலோ ஒரு கடைக்குள் நுழைந்து, குறைந்த விலையில் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் ஹோம் தியேட்டர் வேண்டும் என்று கேட்டால், விற்பனையாளர் முதலில் சொல்வது பெரும்பாலும் வாட் கணக்காகத்தான் இருக்கும். அடுத்து, பெட்டிக்குள் எத்தனை ஸ்பீக்கர்கள் இருக்கின்றன என்பார். இந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி வாங்கியவர்கள், வீட்டில் பொருத்திய பிறகு, சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்கிறது, ஆனால் பேசுவது மட்டும் விளங்கவில்லை என்று குறைப்படுகிறார்கள். ஒரு குடும்பம் நாள்தோறும் டிவியில் கேட்பதில் பெரும்பகுதி பேச்சுதான்: செய்தி, தொடர், திரைப்பட வசனம். எனவே சிறிய தொகைக்கு வாங்கும் செட்டை முதலில் வசனத் தெளிவை வைத்தே எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லும் தவறுகள் யாவும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தெளிவைக் கெடுப்பவையே.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண், பல மலிவு செட்டுகளில் பி.எம்.பி.ஓ. கணக்கு. அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எட்டக்கூடிய உச்சத்தைக் காட்டுவதாகச் சொல்லப்படும் எண். அதை அளப்பதற்குப் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறை கிடையாது. தொடர்ந்து வழங்கும் திறனைக் குறிப்பது ஆர்.எம்.எஸ். வாட். அந்த எண்ணையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், கருவியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறிய அட்டையைப் படித்துப் பாருங்கள். மின் நுகர்வு 60 வாட் என்று அங்கே இருக்க, முன்பக்கம் பல நூறு வாட் என்று இருந்தால், அந்தப் பல நூறு வாட் தொடர்ந்து கிடைக்கப்போவதில்லை. இதைவிட முக்கியமானது, வாட் இரட்டித்தால் ஒலியும் இரட்டிக்கும் என்ற எண்ணமே தவறு என்பது. திறனை இரு மடங்காக்கினால் ஒலி அளவு 3 டெசிபல் மட்டுமே கூடுகிறது. காதுக்கு இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் ஏறத்தாழ பத்து மடங்கு திறன் தேவை. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் ஒலிக்கும் ஸ்பீக்கர், 10 வாட் கொடுத்தால் 95 டெசிபல் ஒலிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் அதுவே உரத்த சத்தம். உண்மையான 20 வாட் கிடைத்தால் அத்தகைய அறைக்குப் போதும்.

அடுத்து வருவது, அதிகம் பேர் ஏமாறும் இடம். ஐந்து ஸ்பீக்கரும், பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் இருப்பதாலேயே ஒரு செட் 5.1 ஒலியைத் தந்துவிடாது. டிவியிலிருந்து அந்த ஆறுக்கும் உரிய ஆறு ஒலித் தடங்களும் தனித்தனியாக செட்டுக்குள் வர வேண்டும். அவற்றைப் பிரித்தெடுக்கும் டால்பி டிஜிட்டல் டிகோடர் செட்டுக்குள் இருக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை ஆக்ஸ் வயர் இரண்டு தடங்களை மட்டுமே கொண்டுவரும். ப்ளூடூத் இணைப்பிலும் வழக்கமாக இரண்டுதான். விலை மலிவான பல 5.1 செட்டுகளில் ஆக்ஸ், ப்ளூடூத், யு.எஸ்.பி. தவிர வேறு வழியே இல்லை. அவை அந்த இரண்டு தடங்களையே ஐந்து ஸ்பீக்கர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. விளைவாக, முன்னால் நிற்கும் பாத்திரத்தின் குரல் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வருகிறது. கடையில் செட்டைத் திருப்பிப் பின்புறம் பாருங்கள். ஆப்டிகல் என்றோ எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்றோ அச்சிட்ட துளை இல்லையென்றால், அதை 5.1 விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

எச்.டி.எம்.ஐ. துளை இருந்தாலும் ஏ.ஆர்.சி. என்ற எழுத்தைத் தேடுங்கள். டிவியின் ஒலியை அதே கேபிளில் செட்டுக்குத் திருப்பி அனுப்பும் இந்த வசதி, 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 பதிப்பில்தான் சேர்ந்தது. பழைய டிவிடி ஹோம் தியேட்டர்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவற்றில் பலவற்றின் எச்.டி.எம்.ஐ. துளை, டிவிடியின் படத்தை டிவிக்கு அனுப்புவதற்கு மட்டுமே பயன்படும். டிவியிலும் பெரும்பாலும் ஒரே ஒரு துளையில்தான் ஏ.ஆர்.சி. இருக்கும், கேபிளை அதில்தான் செருக வேண்டும். அதன் பிறகும் இரண்டு தடங்களே வந்தால், டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் வெளியீடு பி.சி.எம். என்று இருக்கிறதா என்று பார்த்து, டால்பி அல்லது ஆட்டோ என்று மாற்றுங்கள். நல்ல செட்டை வாங்கி, இந்த ஒரு அமைப்பை மாற்றாததால் ஸ்டீரியோவாகவே கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் கேட்கவைக்கும் டால்பி அட்மாஸின் ஸ்டிக்கருக்காக இந்த விலை வரம்பில் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் இல்லாத செட்டில், உயரத்திலிருந்து வரும் ஒலி வெறும் மென்பொருள் உத்திதான்.

வரம்புக்குட்பட்ட ஒரு தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிட்டால், ஒவ்வொன்றின் தரமும் குறையத்தானே செய்யும்? பின் ஸ்பீக்கர்களை உட்காருபவரின் பக்கவாட்டில் சற்றுப் பின்னால், அதாவது நேர் முன்னிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள், காது மட்டத்திலோ சற்று மேலேயோ வைக்க வேண்டும். திருப்பூரின் லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் சுவரில் ஆணி அடிக்க முடியாது. பின் சுவரில் கதவும் பீரோவும் இருக்கும். கடைசியில் ஐந்து ஸ்பீக்கர்களும் டிவி ஷோகேஸ் மேலேயே வரிசையாக நின்றுவிடுகின்றன. பின்னால் வைக்க இடமில்லை என்று தெரிந்தால் 5.1 வேண்டாம்; சென்டர் ஸ்பீக்கர், அதாவது நடு ஸ்பீக்கர், உள்ள 3.1 சவுண்டு பார் சிறந்தது, அது கிடைக்காவிட்டால் தரமான 2.1. வசனம் முக்கியமாக வருவது சென்டரிலிருந்து என்பதால், பின்னால் இரண்டு இல்லாமல் போவதைவிட நடுவில் ஒன்று இல்லாமல் போவதே பெரிய இழப்பு.

கடையில் போட்டுக் காட்டும் பாடலைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். அது பேஸ் தூக்கலாக ஒலிப்பதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது; கடையும் விசாலமானது. ஒரு செய்தி வாசிப்பையும், பின்னணி இசைக்கு நடுவே இருவர் தணிந்து பேசும் ஒரு காட்சியையும் போடச் சொல்லி, வால்யூமைக் குறைத்துக் கேளுங்கள். குறைந்த ஒலியிலும் சொற்கள் பிரிந்து கேட்டால் அந்தச் செட்டில் விஷயம் இருக்கிறது. சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டை ஒட்டியே விசைத்தறி ஓடும் குடும்பங்களுக்கு இது மேலும் அவசியம். தறிச் சத்தத்தை வெல்ல மொத்த வால்யூமையும் ஏற்றினால் பேஸும் சேர்ந்து ஏறி, குரல் அதற்குள் அமுங்கிவிடும். சென்டர் ஸ்பீக்கரை மட்டும் தனியாக ஏற்றும் வசதி ரிமோட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அறையை மறந்துவிடுவதும் ஒரு தவறு. 12 அடி நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சுமார் 47 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி தங்கி ஒத்ததிரும். சப்வூஃபரை மூலையில் வைத்தால் இந்த முழக்கம் மிகும்; செட் சரியில்லை என்று தோன்றும். மூலையிலிருந்து ஓரிரு அடி நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும். கான்கிரீட் தளமும் டைல்ஸ் தரையும் உள்ள புதிய வீடுகளில் குரலின் மேல் ஸ்தாயி ஒலிகள் எதிரொலித்துச் சிதறும். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் அந்தச் சிதறல் ஓரளவு அடங்கும். பேஸை அது ஒன்றும் செய்யாது. பழைய தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது முற்றத்தை ஒட்டிய கூடத்தில், நிலைமை வேறு: ஒரு பக்கம் திறந்திருப்பதால் பேஸ் வெளியேறிவிடும், பின் ஸ்பீக்கருக்குச் சுவரும் இருக்காது. அங்கே உட்காரும் இடத்துக்கு நெருக்கமாகவே ஸ்பீக்கர்களை அமைப்பது நல்லது.

எல்லாம் ஒன்றாக வரும் செட்டுகளில் பலவற்றின் ஆம்ப்ளிஃபையர் சப்வூஃபர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது பழுதானால் மற்ற ஸ்பீக்கர்களும் மௌனமாகிவிடும். சில செட்டுகளின் ஸ்பீக்கர் வயர் முனை அந்தச் செட்டுக்கே உரிய வடிவில் இருப்பதால், நாளை ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்ற முடியாது. பின்னால் சாதாரண வயரை அழுத்திச் செருகும் கிளிப் உள்ள செட்டைத் தேர்ந்தெடுத்தால், நீளமான வயர் போடவும் வேறு ஸ்பீக்கர் இணைக்கவும் வழி இருக்கும். புதிய ஸ்பீக்கரின் ஓம் அளவு, அதாவது மின்தடை, பழையதைவிடக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். பில்லில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா, சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரிலேயே இருக்கிறதா அல்லது கோவைக்குத் தூக்கிச் செல்ல வேண்டுமா, ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்பவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.