பொலிகிடா வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: தீவனமும் பருவமும்

பெட்டை ஆடுகள் சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால் பலரும் பெட்டைகளைத்தான் சந்தேகிக்கிறார்கள். இனப்பெருக்கத்துக்காக வளர்க்கும் ஆண் ஆடான பொலிகிடாவின் பக்கம் பார்வை போவதே இல்லை. ஒரு பெட்டையிடம் குறை இருந்தால் ஓர் ஈற்று தவறும். கிடாவிடம் குறை இருந்தால் அதோடு சேர்ந்த மந்தையே ஒரு பருவத்தை இழந்துவிடும்.

கிடாவின் விரையில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 48 நாட்கள் ஆகின்றன. விரையை ஒட்டியுள்ள சுருள்குழாயில் அது முதிர்ந்து வெளிவர மேலும் பத்து நாட்களுக்கு மேல் தேவை. அதாவது இன்று வெளிப்படும் விந்தின் தரம், சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பு கிடா என்ன தின்றது, எவ்வளவு வெப்பத்தைத் தாங்கியது என்பதைப் பொறுத்தது. பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கை மறப்பதால்தான் நேர்கின்றன.

பெட்டைகளோடு கிடா விடும் வாரத்தில் திடீரென்று தானியம், தவிடு போன்ற அடர்தீவனத்தை அள்ளிக் கொட்டுவது அவற்றில் முதன்மையானது. அந்தத் தீவனத்தின் பலன் விந்தில் தெரிவதற்குள் இனச்சேர்க்கைக் காலம் முடிந்துவிடும். தவிர, வேட்கை மிகுந்த நாட்களில் கிடா சரியாகத் தின்னாது. பெட்டைகளைச் சுற்றியே திரிந்து எடை இழக்கும். ஆகவே இரண்டு மாதங்களுக்கு முன்பே புரதமுள்ள தீவனத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, உடலைத் தேற்றிவிட வேண்டும். நல்ல தீவனம் கிடைக்கும் கிடாவின் விரைகள் பருத்து, விந்தணு உற்பத்தியும் கூடுகிறது. விரைப்பையின் சுற்றளவை மாதம் ஒருமுறை அளவு நாடாவால் அளந்து குறித்து வைத்தால் இந்த மாற்றம் கண்ணுக்குத் தெரியும். இந்த எளிய பழக்கத்தை நான் மிகவும் வலியுறுத்துவேன்.

தேற்றுவது என்றால் கொழுக்க வைப்பது என்று பொருளில்லை. கொழுத்த கிடா சோம்பிப் போகும். விரைப்பையின் மேற்பகுதியில் சேரும் கொழுப்பு, விரைகளின் சூடு வெளியேறுவதைத் தடுக்கும். தானியத்தை மிகுதியாகக் கொடுப்பதில் இன்னொரு பெரிய ஆபத்தும் உண்டு: சிறுநீர்ப் பாதையில் கல். தானியங்களிலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. மொத்தத் தீவனத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற அளவு இருப்பது நல்லது. தண்ணீர் எப்போதும் தாராளமாக இருக்க வேண்டும். கிடா முக்கி முக்கி நின்றும் சிறுநீர் சொட்டாகவே வந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கலாம்.

வறண்ட மாதங்களில் வெறும் உலர்தீவனத்தில் ஓட்டுவதும் தவறு. பசுந்தீவனம் நெடுநாள் கிடைக்காவிட்டால் வைட்டமின் ஏ குறைந்து, விந்தணுவை உருவாக்கும் திசுவே சிதையத் தொடங்கும். துத்தநாகம் குறைந்தாலும் விரை வளர்ச்சி குன்றும். தாது உப்புக் கலவை பெரும்பாலும் போதும். செலினியம் என்ற தாதுவைத் தனியாக ஊசி போடும் எண்ணம் வேண்டாம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. பருத்திக்கொட்டையில் உள்ள காசிபோல் என்ற நச்சுப்பொருள் விந்தணு உற்பத்தியைக் கெடுக்கக்கூடியது. அசைபோடும் வயிறு முழுதாக வளராத இளங்கிடாக்களுக்குப் பருத்திக்கொட்டையைத் தரவே கூடாது.

விரைகள் சரியாக இயங்க, உடல் சூட்டைவிட நான்கைந்து டிகிரி குறைந்த வெப்பம் தேவை. கடும் வெயிலோ காய்ச்சலோ சில நாட்கள் வாட்டினால், அதன் பாதிப்பு ஓரிரு வாரங்களில் விந்தில் தெரிய ஆரம்பித்து இரண்டு மாதம் வரை நீடிக்கலாம். கோடையில் நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர் தந்து, அதிகாலையில் கிடா விடுவது நல்லது.

பகல் நீளமும் கிடாவை ஆள்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தொலைவிலுள்ள நாடுகளில் பகல் குறுகும்போது கிடாவின் வேட்கையும் நெடியும் ஏறும். பகல் நீளும்போது விரைகள் சுருங்கும், விந்தின் தரமும் தாழும். அங்கே கொட்டகையில் இரவு முழுவதும் விளக்கெரிய விடுவது இந்த இயல்பைக் குழப்பிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பகல் நீளம் அவ்வளவாக மாறாததால் தீவனமும் வெப்பமுமே பெரிதாகப் பேசுகின்றன. இரண்டு சூழலுக்கும் ஒரே நாட்காட்டியைப் பின்பற்றக் கூடாது.

நெடி வீசுகிறது, பெட்டைகள் மேல் ஏறுகிறது என்பதை மட்டும் பார்த்துக் கிடா நலம் என்று முடிவு கட்டுவதும் தவறு. வேட்கை குறையாமல் இருக்கும்போதே விந்து கெட்டிருக்கலாம். வெயில் காலத்துக்குப் பின் விந்துப் பரிசோதனை செய்வது நல்லது. அதில் தரம் குறைவாக வந்தால் உடனே கிடாவை விற்றுவிடாதீர்கள். நிழலும் நல்ல தீவனமும் கொடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி பரிசோதியுங்கள். அதுவரை பெட்டைகளுக்கு வேறொரு கிடாவை விடலாம்.