கண்ணாடித் தடுப்பின் அடியோரம் வெளுத்தது ஏன்?

திருவான்மியூரில் கடல் காற்று நேராக அடிக்கும் எங்கள் மாடிக்கு லேமினேட்டட் கண்ணாடித் தடுப்பு போட்டிருந்தோம். 6 மி.மீ. டஃபன்டு (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடி இரண்டு, நடுவே அவற்றை ஒட்டிப் பிடிக்கும் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். வெறும் டஃபன்டு உடைந்தால் துகளாகக் கொட்டி அந்த இடமே திறந்துவிடும். இதில் படலம் பிடித்துக்கொள்ளும்.

மழைக்காலம் முடிந்ததும் அடியோரம் பால் கலந்த மாதிரி வெளுத்து மேலே ஏறியது. உப்புப் படிவு என்று எலுமிச்சை, சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினால் இருபுறமும் வழவழப்பு. வெள்ளை இருந்தது நடுவில்.

“வெயில்தான் சார்” என்றார் மாட்டிக் கொடுத்தவர். வெயில் என்றால் மேலோரம்தானே முதலில் வெளுக்கும்? அடியில் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசையை இன்னொரு சுற்று பூசிவிட்டுப் போனார். வெளுப்பு வேகமாக ஏறியது. அன்று மாடியெல்லாம் வினிகர் நெடி. துப்பு அதுதான்! காயும்போது அமிலம் விடும் சிலிக்கான் பிவிபி ஓரத்துக்கு ஆகாது.

ஒரு பேனலைக் கழற்ற வைத்தேன். கண்ணாடியின் அடியைப் பிடிக்கும் அலுமினிய யு சேனலில் தண்ணீர் தேங்கி நின்றது, அந்த ஈரமும் படலத்தின் ஓரத்தில் ஏறியிருக்கிறது; வடிகால் துளைகளைச் சிமென்ட் அடைத்திருந்தது. அவற்றைத் திறந்து, கண்ணாடி சேனலைத் தொடாதபடி அடியில் ரப்பர் கட்டைகள் வைத்து, அமிலம் விடாத நியூட்ரல் க்யூர் சிலிக்கான் பூசினோம். மோசமாக வெளுத்த பேனல்களுக்குப் பதில் ஈரம் தாங்கும் அயனோபிளாஸ்ட் படலம் வைத்தவை, கொஞ்சம் விலைதான்.

மற்றவற்றில் பழைய வெளுப்பு அப்படியே இருக்கிறது, அடுத்த மழையிலும் ஏறவில்லை.