ரிமோட் கார் திரும்ப மறுக்கிறதா? ஸ்டியரிங் சர்வோ கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

கார் முன்னும் பின்னும் நன்றாக ஓடுகிறது. திரும்ப மட்டும் மாட்டேன் என்கிறது. அல்லது ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது, நேராகப் போகும்போது முன்சக்கரங்கள் நடுங்குகின்றன. இப்படி ஆனதும், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார் பெட்டியான சர்வோவைப் புதிதாக வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். சர்வோ கெட்டிருந்தாலும், அது ஏன் கெட்டது என்று தெரியாமல் மாற்றினால், அதே காரணம் புதியதையும் கெடுத்துவிடும். லிங்கேஜ், அதாவது சர்வோவையும் சக்கரங்களையும் இணைக்கும் கம்பிகளும் மூட்டுகளும், இறுகிப்போன காரில் எவ்வளவு நல்ல சர்வோவைப் பொருத்தினாலும் அது சூடேறிக் கருகத்தான் செய்யும்.

ஸ்டியரிங் என்பது ஒரு தொடர். கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில் தொடங்கி, காருக்குள் அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர், சர்வோ, ஹார்ன், லிங்கேஜ் வழியாகச் சக்கரத்தில் முடிகிறது. அதை ஓர் இடத்தில் பிரித்து, எந்தப் பாதியில் கோளாறு இருக்கிறது என்று பார்ப்பதே கண்டுபிடிக்கும் வழி. ஊகிக்க வேண்டியதே இல்லை.

தேவைப்படுபவை: சிறிய ஸ்க்ரூடிரைவர், ஆலன் கீ, காருக்கு ஏற்ற ஒரு தாங்கி. மல்டிமீட்டர் இருந்தால் மிக நல்லது.

தொடங்கும் முன்

காரைத் தாங்கியின் மேல் வைத்து, நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டும் மோட்டாருக்குப் போகும் வயர்களைக் கழற்றிவிடுங்கள். சோதனையின் நடுவே மோட்டார் எதிர்பாராமல் சுழன்றால் விரல் பல்சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் இதை மட்டும் தவிர்க்காதீர்கள்.

இயக்கும்போது முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகு கார். அணைக்கும்போது முதலில் கார், பிறகு டிரான்ஸ்மிட்டர்.

படி 1: டிரான்ஸ்மிட்டரைச் சரிபாருங்கள்

இது இரண்டு நிமிட வேலைதான். ஆனால் சர்வோ செத்துவிட்டது என்று நினைக்கப்படும் கார்களில் சில இந்தப் படியிலேயே உயிர்பெற்றுவிடும். ஸ்டியரிங் டூயல் ரேட் என்று ஒரு திருகு அல்லது பொத்தான் இருக்கும். சக்கரங்கள் எவ்வளவு தூரம் திரும்பலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பையில் போட்டு எடுத்துச் செல்லும்போது அது உரசித் திரும்பி மிகக் குறைந்த அளவுக்கு வந்திருந்தால், ஸ்டியரிங் அசைவதே தெரியாது. அதை முழு அளவுக்குத் திருப்புங்கள். சக்கரங்கள் நேராக நிற்கும் இடத்தைச் சற்றே நகர்த்தும் டிரிம்மை நடுவில் வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் பேட்டரி பலவீனமாக இருந்தால் மாற்றுங்கள்.

கார் முன்னும் பின்னும் ஒழுங்காக ஓடியது என்றால், டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் பேசிக்கொள்கின்றன என்று பொருள். இணைப்பைத் திரும்ப ஏற்படுத்தும் வேலையில் இறங்க வேண்டியதில்லை.

படி 2: லிங்கேஜைப் பிரியுங்கள்

என்னைக் கேட்டால், எல்லாச் சோதனைகளிலும் பயன் மிகுந்தது இதுதான். சர்வோவின் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கைதான் ஹார்ன். அதையும் ஸ்டியரிங் கம்பியையும் இணைக்கும் பந்து மூட்டை அல்லது ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். இப்போது சர்வோ ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம்.

முதலில் காரை அணைத்துவிட்டு, முன்சக்கரங்களைக் கையால் இடமும் வலமும் திருப்புங்கள். ஒரே விரலின் அழுத்தத்துக்கு அவை கடைசி வரை வழுவழுவென்று போய் வர வேண்டும். ஓரிடத்தில் இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி, என்ன தடுக்கிறது என்று பாருங்கள். சர்வோவின் அசைவைச் சக்கரக் கம்பிகளுக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்க் மூட்டில் மணல் புகுந்திருக்கலாம், ஒரு ஸ்க்ரூவை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கலாம், மோதலில் ஒரு கம்பி வளைந்திருக்கலாம், சக்கரத்தின் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்தினாலே பல வேளைகளில் இறுக்கம் போய்விடும்.

அடுத்து, காரை இயக்கி, தனியாக இருக்கும் சர்வோவை டிரான்ஸ்மிட்டரால் அசையுங்கள். ஹார்ன் வேகமாக, இரு பக்கமும் சமமாக, இழுவையின்றித் திரும்பினால் சர்வோ பெரும்பாலும் நலமாக இருக்கிறது. கோளாறு சக்கரத்தின் பக்கம். தனியாக இருக்கும்போதும் அசையவில்லை, நடுங்குகிறது, ஒரே பக்கம் போய் நிற்கிறது என்றால் கோளாறு மின்பக்கத்திலோ சர்வோவிலோ இருக்கிறது.

நேராக நில்லாமல் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்பது உங்கள் புகாரானால், இங்கே இன்னொரு சோதனை செய்யலாம். ஹார்ன் நடுவில் நிற்கும்போது, சர்வோவின் உடலில் அதன் நுனிக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டியரிங்கை இடது கடைசிக்குக் கொண்டுபோய் விடுங்கள், பிறகு வலது கடைசிக்குக் கொண்டுபோய் விடுங்கள். இரண்டு முறையும் ஹார்ன் அதே கோட்டுக்குத் திரும்பினால் சர்வோவின் மேல் பழியில்லை. இடதிலிருந்து வரும்போது ஓரிடம், வலதிலிருந்து வரும்போது வேறிடம் என்று நின்றால், உள்ளே பல்சக்கரமோ, தலையின் நிலையை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரோ தேய்ந்திருக்கிறது.

சர்வோ சேவர் என்ற சுருள்வில் அமைப்பையும் மறக்க வேண்டாம். சக்கரம் கல்லில் மோதும்போது அதிர்ச்சி சர்வோவுக்குப் போகாமல் அதுதான் வாங்கிக்கொள்கிறது. லிங்கேஜை மறுபடி பூட்டி, சக்கரங்களைக் கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். ஹார்ன் பலமாகத் திரும்பியும் சக்கரம் அதைப் பின்தொடராமல் சுருள் மட்டும் வளைந்து கொடுத்தால், சேவர் தளர்ந்துவிட்டது. தரையில் கார் திரும்பாது, தூக்கிப் பிடித்தால் திரும்பும் என்ற நிலைக்கு இது ஒரு முக்கியக் காரணம். சேவரைச் சற்று இறுக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

படி 3: மின்சாரம் சரியாக வருகிறதா?

சர்வோவிலிருந்து மூன்று வயர்கள் வருகின்றன. கறுப்பு அல்லது பழுப்பு நிறம் எதிர்மின், நடுவில் இருக்கும் சிவப்பு நேர்மின், வெள்ளை அல்லது மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். பிளக் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறதா, பின்கள் வளைந்திருக்கின்றனவா, வயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நேர்மின் நடுவில் இருப்பதால் தலைகீழாகச் செருகினாலும் பெரும்பாலும் எதுவும் எரிவதில்லை, சர்வோ வேலை செய்யாது, அவ்வளவுதான். வயர் சர்வோவுக்குள் நுழையும் இடத்தை மெல்ல இப்படியும் அப்படியுமாக அசைத்துப் பாருங்கள். அப்போது சர்வோ திடீரென்று துடித்தால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது.

அடுத்து மல்டிமீட்டர். ரிசீவரில் காலியாக இருக்கும் ஒரு துளையில் நடுப்பின்னுக்கும் எதிர்மின் பின்னுக்கும் இடையே அளவு பாருங்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் உள்ள பிஇசி என்ற பகுதி, பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தைக் குறைத்து ரிசீவருக்குத் தருகிறது. பொதுவாக அது 5 முதல் 6 வோல்ட் வரை இருக்கும். சர்வோவை வேகமாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே பாருங்கள். எண் பெரிதாகச் சரிந்தால், சர்வோ கேட்கும் மின்னோட்டத்தைப் பிஇசியால் தர முடியவில்லை. சரிவு மிகக் குறுகிய நேரமே நீடித்தால் மல்டிமீட்டரில் தெரியாமலும் போகும். அப்போது ரிசீவரின் விளக்கைக் கவனியுங்கள். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் விளக்கு அணைந்து எரிகிறது என்றால் காரணம் மின்தட்டுப்பாடுதான்.

2 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி முழுமையாகச் சார்ஜ் ஆகும்போது 8.4 வோல்ட் இருக்கும். 6 வோல்ட் வரை தாங்கும் சர்வோவை அதில் நேரடியாக இணைத்தால் நொடிகளில் கருகலாம். அதிக மின்னழுத்தம் தாங்கும் என்று உற்பத்தியாளர் தெளிவாகச் சொல்லியிருந்தாலொழிய இதைச் செய்யாதீர்கள்.

படி 4: இடம் மாற்றிப் பாருங்கள்

ரிசீவரில் 1-ஆம் சேனல் ஸ்டியரிங், 2-ஆம் சேனல் வேகம். காரை அணைத்துவிட்டு, இரண்டு பிளக்குகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். ஓட்டும் மோட்டாரின் வயர்கள் இன்னும் கழன்றே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டு இயக்குங்கள். இப்போது வேக விசையை இழுத்தால் சர்வோ அசைய வேண்டும்.

அசைந்தால் சர்வோ நிரபராதி. ரிசீவரின் 1-ஆம் சேனலோ, டிரான்ஸ்மிட்டரின் ஸ்டியரிங் சக்கரமோதான் கெட்டிருக்கிறது. அசையவில்லை என்றால் சர்வோதான் குற்றவாளி. நண்பரிடமிருந்து நல்ல சர்வோ ஒன்று கிடைத்தால் அதை 1-ஆம் சேனலில் செருகி உறுதிசெய்துகொள்ளலாம். சர்வோ டெஸ்டர் என்ற சிறு பெட்டியும் இதே வேலையைச் செய்யும். அதில் உள்ள திருகைத் திருப்பினால் சர்வோவுக்கு வேண்டிய மின்துடிப்பை அதுவே அனுப்புகிறது. அந்தத் துடிப்பு 1.5 மில்லிவினாடி நீளமாக இருந்தால் சர்வோ நடுவில் நிற்கும். 1-ஐ நோக்கிக் குறைந்தால் ஒரு பக்கம், 2-ஐ நோக்கிக் கூடினால் மறுபக்கம் திரும்பும். ஏறத்தாழ எல்லா ஸ்டியரிங் சர்வோக்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்துவதால்தான், ஒரு நிறுவனத்தின் சர்வோ இன்னொரு நிறுவனத்தின் ரிசீவரில் வேலை செய்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. விலை குறைந்த சில கார்களின் சர்வோவில் ஐந்து வயர்கள் இருக்கும். இரண்டு மோட்டாருக்கு, மூன்று பொட்டென்ஷியோமீட்டருக்கு. கட்டுப்படுத்தும் மின்சுற்று சர்வோவுக்குள் இல்லாமல் ரிசீவர் பலகையில் இருப்பதால், இந்தப் படியை அங்கே செய்ய முடியாது. மூன்று வயர் சர்வோவையும் அதில் பொருத்த முடியாது. அதே ஐந்து வயர் வகையைத்தான் வாங்க வேண்டும், அல்லது ரிசீவரையும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

படி 5: சர்வோவுக்குள் என்ன ஆகியிருக்கும்?

ஒலியே பாதி கதையைச் சொல்லிவிடும். உள்ளே மோட்டார் சுற்றும் ஒலி கேட்கிறது, ஹார்ன் அசையவில்லை அல்லது கடகடவென்று நழுவுகிறது என்றால் பல்சக்கரத்தின் பற்கள் உடைந்திருக்கின்றன. ஒலியே இல்லை, உடல் மட்டும் சுடுகிறது என்றால் மோட்டாரோ மின்சுற்றோ போய்விட்டது. இயக்கியதும் ஒரு கடைசிக்கு ஓடி அங்கேயே முட்டி நிற்கிறது என்றால் பொட்டென்ஷியோமீட்டரின் இணைப்பு விட்டிருக்கலாம். தன் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சர்வோவுக்குத் தெரிவிக்கும் உறுப்பு அதுதான். நேராக நிற்கும்போது நடுக்கம் என்றால், பெரும்பாலும் அதே உறுப்பு நடுப்பகுதியில் தேய்ந்திருக்கிறது. காரை ஓட்டும் மோட்டார் பிரஷ் வகையாக இருந்து, அது ஓடும்போது மட்டும் நடுக்கம் வந்தால், அந்த மோட்டாரின் முனைகளில் பற்றவைத்த சிறு கெப்பாசிட்டர்கள் விட்டுப்போயிருக்கின்றனவா என்று பாருங்கள். டிஜிட்டல் சர்வோ பாரத்தைத் தாங்கி நிற்கும்போது மெல்லிய ரீங்காரம் எழுப்புவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

பல்சக்கரம்தான் உடைந்தது என்றால் பழுதுபார்க்கலாம். அந்த மாதிரிக்கு உரிய பல்சக்கரத் தொகுப்பு தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், அடியிலுள்ள நான்கு நீண்ட ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஹார்ன் இருக்கும் பக்கத்து மூடியை மெதுவாக நேர் மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் பல்சக்கரங்கள் உருண்டு விழுந்து, எது எதன் மேல் இருந்தது என்று தெரியாமல் போகும். தூக்கிய கையோடு ஒரு புகைப்படம் எடுத்துவிடுங்கள். கடைசிப் பல்சக்கரத்தின் அடியில் பல சர்வோக்களில் ஒரு பக்கம் தட்டையான துளை இருக்கும். பொட்டென்ஷியோமீட்டரின் தண்டும் அதே வடிவம். இரண்டின் தட்டைப் பக்கமும் பொருந்தினால்தான் அது உட்காரும், அழுத்தித் திணிக்காதீர்கள். பற்களுக்குக் கொஞ்சமாகக் கிரீஸ் தடவி மூடுங்கள்.

மோட்டாரோ மின்சுற்றோ போயிருந்தால், தொடக்கநிலையில் இருப்பவர் புது சர்வோ வாங்குவதே சரி.

படி 6: புதியதைப் பொருத்துதல்

அளவு ஒன்றாக இருக்க வேண்டும், பிஇசி தரும் மின்னழுத்தத்துக்கு ஒத்துப்போக வேண்டும், விசை பழையதைவிடக் குறையக்கூடாது. இவற்றோடு தலையிலுள்ள பற்களின் எண்ணிக்கையையும் பாருங்கள். 23, 24, 25 என்ற மூன்று வகை பரவலாக இருக்கின்றன. 25 பல் தலையில் 23 பல் ஹார்னை அடித்து இறக்கினால் இரண்டும் பாழ்.

ஹார்னை மாட்டும் முன் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, டிரிம்மை நடுவில் வைத்து, அது தானாக நடுவில் நிற்கட்டும். அதன் பிறகே ஹார்னை நேராக வைத்து ஸ்க்ரூவைப் பூட்டுங்கள். மின்சாரம் கொடுக்காமல் கண்ணளவில் மாட்டினால், கார் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும்.

கடைசியாக, டிரான்ஸ்மிட்டரில் எண்ட் பாயிண்ட் அளவை, அதாவது ஒவ்வொரு பக்கமும் சர்வோ எதுவரை திரும்பலாம் என்ற எல்லையை, சரிசெய்யுங்கள். பழைய சர்வோவைக் கொன்றது பல நேரம் இந்த அளவு தவறாக இருந்ததுதான். சக்கரம் முழுதாகத் திரும்பி முட்டிய பிறகும் சர்வோ இன்னும் தள்ளிக்கொண்டிருந்தால், உறுமல் கேட்கும், மின்னோட்டம் உச்சத்துக்குப் போகும், உடல் சூடேறும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு, அந்த உறுமல் நிற்கும் வரை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். மோட்டார் வயர்களை மறுபடி இணைத்து, சில நிமிடங்கள் ஓட்டிவிட்டு, சர்வோவின் உடலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்திவிட்டு, லிங்கேஜை மறுபடி கழற்றி 2-ஆம் படியிலிருந்து பாருங்கள்.