குவாட் பைக்குக்கு ஸ்கிட் பிளேட்: வாங்கும்போது எங்கே தவறுகிறோம்

போன மாதம் அல் பதாயரில், துபாய்-ஹத்தா சாலையோரம் ‘பிக் ரெட்’ என்று எல்லோரும் சொல்லும் சிவப்பு மணல்மேட்டுக்குப் பக்கத்தில், ஒரு தம்பி தன் நாலு சக்கர ஸ்போர்ட் குவாட் பைக்கை, யமஹா ராப்டர் 700-ஐ, டிரெய்லரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். செகண்ட் ஹேண்ட் வண்டிதான், ஆனால் அடியில் புத்தம்புது அலுமினிய ஸ்கிட் பிளேட், அதாவது கல் அடிக்காமல் வண்டியின் அடிப்பக்கத்தைக் காக்கும் தகடு. “அண்ணே, அடிப்பக்கம் முழுக்க கவர் பண்ணிட்டேன், இனிமே எந்த வாதிக்கும் போகலாம்” என்றான். வாதி என்றால் இந்த ஊரில் காய்ந்த ஆற்றுப்படுகை. குனிந்து பின்பக்கம் பார்த்தேன். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் பிரேக் டிஸ்க்கும் எந்த மறைப்பும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் இதே வார்த்தையை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், சொன்ன மூன்றாவது வாரம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.

அவனிடம் அன்று மணல் மேல் நின்றபடி சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்கள் மாடலுக்குப் பொருந்தும் பிளேட்டைப் பார்த்து வாங்குங்கள், விலையை நாலு இடத்தில் கேளுங்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும்.

எஞ்சினை மட்டும் மூடிவிட்டுப் பின்பக்கத்தை விடுவது

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஸ்கிட் பிளேட் என்றதும் நம் மனதில் வருவது எஞ்சினின் அடிப்பகுதி. காரிலும் ஜீப்பிலும் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். பண்ணை வேலைக்கு ஓட்டும் பெரிய குவாட்களில் (ஏடிவி) பலவற்றுக்கும் அது சரி, ஏனென்றால் அவற்றில் இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சட்டத்தோடு சேர்ந்து மேலே உட்கார்ந்திருக்கும், இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். ஸ்போர்ட் குவாடின் கட்டுமானமே வேறு. பின்னால் ஒரே நீள ஆக்சில், அதை ஒரு பேரிங் கேரியர் பிடித்திருக்கும், கேரியர், சக்கரத்தோடு மேலும் கீழும் அசையும் கையான ஸ்விங் ஆர்மின் நுனியில் இருக்கும், ஸ்ப்ராக்கெட்டும் டிஸ்க்கும் அந்த ஆக்சிலிலேயே மாட்டியிருக்கும். அதாவது அவை வண்டியின் உடம்போடு சேர்ந்தவை இல்லை, சக்கரத்தோடு சேர்ந்தவை. ஸ்பிரிங் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், எவ்வளவு செலவு செய்து ஷாக் அப்சார்பரை மாற்றினாலும், ஸ்ப்ராக்கெட்டுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி ஒரு நூல்கூட அதிகமாகாது. டயர் எவ்வளவு உயரமோ, ஸ்ப்ராக்கெட் எவ்வளவு அகலமோ, அதுதான் கணக்கு.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ராப்டரின் பின் டயர் 20 அங்குலம், ஆக ஆக்சிலின் நடு தரையிலிருந்து அதிகபட்சம் 10 அங்குலம், சுமார் 25 சென்டிமீட்டர். 38 பல் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். மீதி 15. ஆள் உட்கார்ந்ததும் டயர் நசுங்கும், மணலுக்காகக் காற்றை வேறு இறக்கியிருப்போம், இன்னும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் போய்விடும். யமஹா இந்த வண்டிக்குச் சொல்லும் தரை இடைவெளியே 4.4 அங்குலம்தான், அதாவது 11 சென்டிமீட்டர் சொச்சம். எஞ்சினின் வயிறு இதைவிட நன்றாகவே மேலே இருக்கிறது. நாம் போய் மேலே இருப்பதை இரும்புக்கோட்டையாக்கிவிட்டு கீழே தொங்குவதை விட்டுவிடுகிறோம்.

எனக்கு நடந்தது இது. வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருந்த காலம். ஹத்தாவைத் தாண்டி ஒரு வாதியில், முன்னால் போன பிராடோ காரின் தடத்தைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். காய்ந்த ஆற்றுப்படுகை, உருண்டைக் கற்கள், நடுநடுவே பெரிய கற்கள். கார் ஓட்டிப் பழகியவன் பெரிய கல்லைப் பார்த்தால் என்ன செய்வான்? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவான். நானும் விட்டேன். எஞ்சின் அதைத் தாண்டிவிட்டது, பிளேட்டில் ஒரு உரசல்கூட இல்லை, பின்னால் ‘ணங்’ என்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தேன், எஞ்சின் பக்கம் எண்ணெய் சொட்டவில்லை. சரி, பிளேட் காப்பாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஸ்ப்ராக்கெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் மூன்று பல் பக்கவாட்டில் வளைந்திருந்தது.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சரளை மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். செயின் வளைந்த பல்லில் ஏறி வெளியே குதித்து, முன்பக்கச் சின்ன ஸ்ப்ராக்கெட்டில் போய்ச் சுருண்டு சிக்கிக்கொண்டது. சுற்றுகிற ஸ்ப்ராக்கெட் அந்தச் சுருளை இழுத்து இழுத்து எஞ்சின் கேஸில் இடித்து, அலுமினியச் சுவரில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டது. ஓட்டை வழியே வந்த எண்ணெய் முழுவதும், நான் அத்தனை பெருமையாக மாட்டியிருந்த பிளேட்டின் மேல்தான் தேங்கி நின்றது.

கேஸ் உடைந்தால் வெல்டிங்கில் தீருவது குறைவு. இரண்டு பாதியையும் மாற்ற வேண்டும், அதற்கு எஞ்சினை இறக்கி, கிராங்க், கியர் வரை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். எனக்கு உதிரியும் கூலியும் சேர்த்து ஏறக்குறைய 7000 திர்ஹாம் ஆனது, சீசனில் ஆறு வாரம் வண்டி இல்லை. பின்பக்கத்தை மறைக்கும் ஸ்விங் ஆர்ம் கார்டு அன்று 400 திர்ஹாமுக்குள் கிடைத்திருக்கும். பிளேட் வாங்கிய கடையில் நான் அதைக் கேட்டேன் என்பதுதான் இன்னும் என்னை எரிச்சல்படுத்துகிறது. “இங்கே மணல்தானே, பின்னால் எதற்கு” என்றார் கடைக்காரர். மணல்தான் என்றால் எனக்கு அந்த எஞ்சின் பிளேட்டும் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே வரிசை இப்படித்தான்: முதலில் ஸ்விங் ஆர்ம் கார்டு, கேரியர், ஸ்ப்ராக்கெட், டிஸ்க் மூன்றையும் மறைக்கிற மாதிரி. அதற்கப்புறம் எஞ்சின் பிளேட். கூடவே முன் ஸ்ப்ராக்கெட் பக்கத்தில் ஒரு கேஸ் சேவர், சின்னத் துண்டுதான், செயின் அறுந்தாலும் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

கார்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர், 400இஎக்ஸ் மாதிரி சில வண்டிகளில் செயினை இறுக்குவது கேரியரையே சுழற்றித்தான். கார்டு கேரியரில் மாட்டும் வகையாக இருந்தால் ஒவ்வொரு முறை செயினை இறுக்கும்போதும் அதுவும் சேர்ந்து திரும்பும், நாலு தடவை இறுக்கியபின் அதன் மூக்கு தரையைப் பார்த்து நிற்கும். அந்த வண்டிகளுக்கு ஸ்விங் ஆர்மிலேயே பிடிப்பு உள்ள கார்டாகத் தேடுங்கள், அல்லது இறுக்கியதும் கார்டின் கோணத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, இது வாங்கும் விஷயம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனமில்லை. குவாடில் கல்லை நடுவில் விடாதீர்கள். ஒரு பின் சக்கரத்தை அதன் மேல் ஏற்றுங்கள். ஒரே ஆக்சில் என்பதால் சக்கரம் 15 சென்டிமீட்டர் ஏறினால் நடுப்பகுதியும் பாதியளவு மேலே வந்துவிடும்.

தடிமனைப் பார்த்து மயங்கி, இடைவெளியை மறப்பது

கடையில் எல்லோரும் விரலால் தட்டிப் பார்ப்பது தடிமனைத்தான். 5 மில்லிமீட்டரா, 6-ஆ? அதைவிட முக்கியம், மாட்டியபின் பிளேட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவே என்ன இருக்கிறது என்பது. காற்று இருக்க வேண்டும். என் விரல் நுழைகிற அளவு, அதாவது ஒரு சென்டிமீட்டராவது நான் எதிர்பார்ப்பேன். பிளேட் எஞ்சின் கேஸையோ எண்ணெயை வடிக்கும் டிரெயின் போல்ட்டையோ தொட்டுக்கொண்டிருந்தால், கல்லின் அடி நேராக உள்ளே போகும். தடிமன் கூடக் கூட பிளேட் வளையாது, வளையாததால் அடியைத் தான் வாங்காமல் கேஸுக்குக் கொடுத்துவிடும். டிரெயின் போல்ட்டைச் சுற்றி கேஸ் விரிசல் விடுவது பெரும்பாலும் இப்படித்தான். அந்த இடைவெளியில் கல் மாட்டிக்கொண்டாலும் இதே கதை, அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அடியில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். ஈர மணல் உள்ளே அடைந்து கிடந்தால் சூடும் வெளியேறாது.

உலோகமா, பிளாஸ்டிக்கா

இதில் ஆளுக்கொரு கட்சி. என் தீர்ப்பு: வாதிக்குப் போகிறவர்களுக்கு யுஎச்எம்டபிள்யூ, அதாவது மிக நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் கொண்ட பாலிஎத்திலீன். அலுமினியம் கல்லைக் கவ்வும், இது வழுக்கிக்கொண்டு போகும். கல்லின் மேல் வண்டி மாட்டிக்கொண்டு ஆடும் நேரத்தில் அந்த வழுக்கலின் அருமை தெரியும். எடையும் குறைவு. 60-க்கு 35 சென்டிமீட்டர் பிளேட் என்று வைத்துக்கொண்டால், 4.8 மில்லிமீட்டர் அலுமினியத்தில் சுமார் 2.7 கிலோ, 9.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக்கில் 1.9 கிலோ, 3 மில்லிமீட்டர் இரும்பில் கிட்டத்தட்ட 5 கிலோ.

ஆனால் இந்தப் பிளாஸ்டிக்குக்கும் இரண்டு குணம் உண்டு. 130 டிகிரிக்குப் பக்கத்தில் உருகத் தொடங்கிவிடும், ஆகவே சைலன்சர் குழாய்க்கு அருகில் போகக் கூடாது. அப்புறம் வெயிலில் நீளும். இந்த ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காலைக்கும் நண்பகலுக்கும், எஞ்சின் சூட்டையும் சேர்த்து, 40 டிகிரி வித்தியாசம் வந்தால் 60 சென்டிமீட்டர் நீளத்தில் 3, 4 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் அரை மில்லிமீட்டர்தான் நீளும். போல்ட் துளைகள் வட்டமாக, இறுக்கமாக இருந்தால் பிளேட் நடுவில் உப்பிக்கொண்டு வரும், அல்லது துளையோரம் கிழியும். நீள்வட்டத் துளையும் அகல வாஷரும் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

சாதாரண எச்டிபிஇ பலகையை யுஎச்எம்டபிள்யூ என்று சொல்லி வெட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. கறிக்கடையில் வெட்டுப்பலகையாகப் போடுவார்களே, அதே பொருள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கல்லில் நாலு முறை தேய்ந்தபின் தெரியும். அதனால் என்ன பொருள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

அலுமினியமே வேண்டும் என்றால் சார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வளைத்துக் கொடுக்க நிறைய பட்டறைகள் இருக்கின்றன. 5052 ரகத் தகடு கேளுங்கள். 6061-டி6 அதைவிட வலுவானது என்று சொல்வார்கள், சொல்வது உண்மைதான், ஆனால் கூர்மையாக வளைத்தால் வளைவிலேயே விரிசல் விடும். 5052 பள்ளம் விழும், உடையாது. பள்ளத்தைச் சுத்தியால் தட்டி நிமிர்த்தலாம்.

‘யுனிவர்சல் ஃபிட்’

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் பிளேட்டை வாங்காதீர்கள்.

டிரெயின் துளை

டிரெயின் போல்ட்டுக்கு நேராகப் பிளேட்டில் துளை இருந்து, பிளேட்டைக் கழற்றாமல் எண்ணெய் மாற்ற முடிய வேண்டும், முடியாவிட்டால் அடுத்த தடவையிலிருந்து எண்ணெய் மாற்றுவதைத் தள்ளிப்போடத் தொடங்குவீர்கள்.

மணலுக்கு மட்டும் போகிறவர்

தேரி மாதிரிச் சுத்தமான மணலில் மட்டும் ஓட்டுகிறவருக்கு எஞ்சின் பிளேட் அவசரமில்லை. முகட்டில் வயிறு தட்டி நின்றுவிடும்போது வழுக்கிக் கடக்க உதவும், அவ்வளவே. ஆனால் மேடுகளுக்கு நடுவே சப்கா எனும் உப்புத் தரையும், காட்டுப்புல் பிடித்து இறுகிய குமிழ்களும், மணலுக்குள் புதைந்த வேலிக்கம்பியும் இருக்கும். அங்கேயும் முதலில் அடிபடுவது பின்பக்கம்தான்.

போல்ட்டை யோசிக்காமல் விடுவது

தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் முதல் பாறையிலேயே சிதையும். பிளேட்டுக்குள் பதிந்து உட்காரும் வகையே நல்லது. ஆலன் கீ துளையில் மணல் இறுகிவிடும், கழற்றும் முன் ஆணியால் குத்திச் சுத்தம் செய்யாவிட்டால் சாவி வழுக்கித் துளை உருண்டையாகிவிடும், பிறகு டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். போல்ட் தளராமல் பிடிக்கும் பசையான திரெட் லாக்கர் நீல நிறத்தில் இரண்டு சொட்டு போதும், சிவப்பு வேண்டாம். சப்காவில் ஓட்டுபவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள்: அந்த உப்பில் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும், மாட்டும்போது கொஞ்சம் கிரீஸ் போன்ற ஆன்டி-சீஸ் தடவுங்கள். ஒரு போல்ட்டில் திரெட் லாக்கர் போட்டால் ஆன்டி-சீஸ் வேண்டாம், இரண்டில் ஒன்று.

பழைய பிளேட் வாங்குவதென்றால்

கீழ்ப்பக்கத்துக் கீறலைப் பார்த்து விலை பேசுகிறார்கள். அது உழைத்ததற்கான அடையாளம், அதில் பிழையில்லை. பிளேட்டைத் திருப்பி உள்பக்கத்தைப் பாருங்கள். வட்டமாக ஒரு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தால், அந்த பிளேட் எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தத் தம்பியின் புது பிளேட்டிலும் மாலையில் கழற்றிப் பார்த்தபோது டிரெயின் போல்ட்டுக்கு நேராக அப்படி ஒரு வட்டம் இருந்தது, ஒரே நாள் ஓட்டத்தில். வாஷர் வைத்து பிளேட்டைக் கீழே இறக்கி மாட்டினோம். பின்பக்கக் கார்டுக்கு மறுநாளே ஆர்டர் போட்டுவிட்டான், அது வரும்வரை வாதிக்குப் போவதில்லை என்று எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான்.